மூன்றாம் காணிக்கை

ஆண்டுதோறும் திருக்காட்சிப் பெருவிழா அன்று, குடிலின் ஓரத்தில் நிற்கும் மூவரசர் சுரூபங்களைத் திருக்குழந்தையின் அருகே நகர்த்தி வைக்கிறோம். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என மூன்று காணிக்கைகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறோம். பொன்னை அறியாதவர் இல்லை. சாம்பிராணியின் மணம் ஆலயத்திலும் இல்லத்திலும் எழுந்துகொண்டே இருக்கிறது. மூன்றாம் காணிக்கையையோ நம்மில் பலர் பெயரளவில் மட்டுமே அறிவோம்.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சிறு பொட்டலமாக மடித்துத் தருவார்கள். பெயரில் வெள்ளை இருந்தாலும் நிறம் செம்பழுப்பு. உடைந்த கற்கண்டு போல ஒழுங்கற்ற கட்டிகள். முகர்ந்தால் மண்ணும் மரமும் கலந்தாற்போன்ற ஒரு மணம். நாவில் ஒரு துகள் பட்டாலும் கசப்பு நெடுநேரம் அகலாது. இந்தக் கசப்புப் பிசினைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், புனித வெள்ளி மறையுரையில் ஆண்டவர் சிலுவையடியில் மறுத்த பானத்தைப் பற்றிப் பேசினேன். வலியை மரத்துப்போகச் செய்யும் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை அவர் குடிக்க மறுத்தார். நாமோ சிறு தலைவலிக்கும் மாத்திரை தேடி ஓடுகிறோம் என்று முழங்கினேன். மக்கள் உருக்கத்தோடு கேட்டார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, புற்றுநோயால் படுத்திருந்த ஒரு தாய்க்கு நோயில் பூசுதல் வழங்க அழைத்தார்கள். நகரத்து மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய மார்ஃபின் மாத்திரைகள் தலைமாட்டில் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ஆண்டவரே வேண்டாம்னு சொன்னதை நான் எப்படி சாமி குடிப்பேன்? நீங்கதானே சொன்னீங்க" என்றார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "ஆண்டவர் உங்களுக்குப் பலம் தருவார் அம்மா" என்று சொல்லி, பூசுதலை முடித்துத் திரும்பிவிட்டேன். பதினொரு நாள்களுக்குப் பின் அவரை அடக்கம் செய்தோம். கல்லறை வாசலில் அவருடைய மகள், கோபமின்றி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா மாத்திரை போட்டிருப்பாங்க சாமி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் பிற்காலத்தில் இந்தப் பிசினின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

வறண்ட நிலத்தின் மரம்

வெள்ளைப்போளம் தரும் மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் கொம்மிஃபோரா மிர்ரா. சோமாலியா, எத்தியோப்பியா, எரித்திரியா நாடுகளிலும், செங்கடலுக்கு அப்பால் ஏமன், ஓமன் நாடுகளிலும், மழை அரிதான கற்பாங்கான நிலங்களில் அது வளர்கிறது. குட்டையான மரம், கிளை நுனிகள் கூரிய முள்ளாக முடியும், ஆண்டின் பெரும் பகுதியில் இலையின்றி நிற்கும். பார்த்தால் விறகுக்குத்தான் ஆகும் என்று தோன்றும்.

அதன் பட்டை கீறப்படும்போது, அல்லது தானே வெடிக்கும்போது, வெளிர் மஞ்சள் நிறப் பால் கசிகிறது. பாலைக் காற்று பட்டதும் அது துளித்துளியாக இறுகிச் செம்பழுப்புக் கட்டியாகிறது. காயத்தை மூடித் தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரக்கும் மருந்து அது. அந்த மருந்தையே மனிதன் எடுத்துத் தன் காயத்தில் பூசினான்.

எபிரேய மொழியில் இதன் பெயர் 'மோர்', அரபியில் 'முர்'. இரண்டும் கசப்பைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. கணவனையும் மக்களையும் இழந்து பெத்லகேம் திரும்பிய நகோமி, தன்னை இனி 'மாரா' என்று அழைக்கும்படி ஊராரைக் கேட்டதை ரூத்து நூலில் படிக்கிறோம். அந்தப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததே. கசப்பின் பெயரால் அழைக்கப்பட்ட பொருள் பெத்லகேமுக்கே காணிக்கையாக வந்து சேர்ந்தது.

அரசியரும் வணிகரும் மருத்துவரும்

எகிப்து நாட்டை கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி ஹட்செப்சுட், செங்கடல் வழியே பூந்து நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினாள். நறுமணப் பிசின் தரும் 31 மரங்களை வேரோடு கூடைகளில் வைத்து அவை கொண்டுவந்தன. தேய்ர் எல் பஹ்ரி என்னுமிடத்தில் அவள் எழுப்பிய ஆலயத்தின் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் காணலாம். அதே நூற்றாண்டை ஒட்டி, ஏறத்தாழ கி.மு. 1550இல் எழுதப்பட்டு, இன்று ஏபர்ஸ் சுவடி என அழைக்கப்படும் எகிப்திய மருத்துவ ஏட்டில், மருந்துச் சரக்குகளுள் ஒன்றாக வெள்ளைப்போளம் இடம்பெறுகிறது. இறந்தோர் உடலைப் பதப்படுத்தும்போது வயிற்றினுள் தூய வெள்ளைப்போளப் பொடியை நிரப்பினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். ஆக, அதே பிசின் உயிரோடிருந்தவருக்கு மருந்தாகவும் இறந்தவருக்குக் காப்பாகவும் விளங்கியது.

இஸ்ரயேலரும் இதை அறிந்திருந்தனர். திருப்பொழிவு எண்ணெய்க்கான சரக்குகளை விடுதலைப் பயண நூல் 30ஆம் அதிகாரத்தில் பட்டியலிடும்போது, முதலாவதாக வருவது 500 செக்கேல் எடையுள்ள வெள்ளைப்போளம். எஸ்தர் அரசன் முன் நிறுத்தப்படுவதற்கு முன்னர், ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய் பூசப்பட்ட வழக்கத்தை அவரது நூல் சொல்கிறது. இனிமைப் பாடலிலும் திருப்பாடல்களிலும் அது காதலின் மணமாகவும் அரச மணவிழாவின் மணமாகவும் கமழ்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில், அதாவது நற்செய்திகள் எழுதப்பட்ட அதே காலத்தில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடற் பயணக் கையேடு ஒன்றை எழுதினார். சோமாலியக் கரையின் துறைமுகங்களில் வெள்ளைப்போளம் ஏற்றப்பட்டதைக் குறிக்கும் அந்தக் கையேடே, மிளகு ஏற்றிய நமது முசிறித் துறைமுகத்தையும் குறிப்பிடுகிறது. பருவக்காற்று ஒரே கடலில் கசப்பையும் காரத்தையும் சுமந்து சென்றது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிதஸ் என்ற கிரேக்க மருத்துவர் மூலிகைகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதினார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் கைவிடாத நூல் அது. வெள்ளைப்போளத்தின் குணங்களாக அவர் கூறுவனவற்றுள், உடலுக்கு வெப்பம் தருதல், புண்ணை உலர்த்திச் சுருக்குதல் ஆகியவற்றோடு, உறக்கம் வரச் செய்தலும் ஒன்று. சிலுவையடியில் அந்தக் கிண்ணம் நீட்டப்பட்டபோது, அதில் கலந்திருந்த சரக்கைப் பற்றி அக்கால மருத்துவம் அறிந்திருந்தது இது.

கொல்கொதாவின் இரு பானங்கள்

திருப்பாடுகளின் வரலாற்றில் ஆண்டவருக்கு இருமுறை பானம் கொடுக்கப்பட்டது என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். முதற்பானம் சிலுவையில் அறையப்படும் முன்னர் தரப்பட்டது. அது வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசம் என்கிறார் நற்செய்தியாளர் மாற்கு. கசப்புக் கலந்த இரசம் என்கிறார் மத்தேயு. ஆண்டவர் சுவைத்துப் பார்த்த பின்னரே மறுத்தார் என்ற குறிப்பையும் மத்தேயுவே தருகிறார். இரண்டாம் பானம் உயிர் பிரியும் வேளையில், தாகமாயிருக்கிறது என்று அவர் கூறியபின், ஈசோப்புத் தண்டில் கடற்பஞ்சினால் நீட்டப்பட்ட புளித்த இரசம். அதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார்.

முதற்பானத்தின் பின்னே ஓர் இரக்கச் செயல் இருந்திருக்கலாம். மரண தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படுபவரின் உணர்வு மங்கும்பொருட்டு, திராட்சை இரசத்தில் ஒரு துகள் சாம்பிராணியைக் கலந்து கொடுக்கும் வழக்கம் யூதரிடையே இருந்ததென்றும், எருசலேம் நகரத்து உயர்குடிப் பெண்கள் அதை மனமுவந்து அளித்துவந்தனர் என்றும் யூதரின் தல்மூது நூல் கூறுகிறது. அழிவின் விளிம்பில் நிற்போருக்கு மது கொடுக்கச் சொல்லும் நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தை அது இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறது. தல்மூது சொல்வது சாம்பிராணி. மாற்கு சொல்வது வெள்ளைப்போளம். கிண்ணத்தை நீட்டியவர்கள் படைவீரர்களே என்று நற்செய்தியின் போக்கு காட்டுகிறது. உரோமர் சுவைக்காகவும் இரசத்தில் வெள்ளைப்போளம் கலந்து அருந்தியதுண்டு. எனவே கிண்ணத்தின் நோக்கம் பற்றி அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டவர்களல்லர். ஆயினும் சாவின் முன் நிற்பவனின் வேதனையைத் தணிப்பது அறச்செயல் என்று அந்த நகரத்துப் பெண்கள் கருதினார்கள் என்ற செய்தி, என்னை அன்றைய என் மறையுரைக்காக நாணச் செய்கிறது.

ஃபுளோரன்ஸ் நகரத்து ஆய்வுகூடம்

முன்னோர் அனுபவத்தால் கண்டதை, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பியரோ தொலாராவும் அவருடைய தோழர்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். முடிவுகளை 1996 ஜனவரியில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். சூடேற்றிய தட்டின்மேல் விடப்பட்ட சுண்டெலி, சூடு தாளாமல் பாதத்தை நக்கத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது வலி ஆய்வில் ஒரு முறை. வெள்ளைப்போளம் கொடுக்கப்பட்ட சுண்டெலிகள் மற்றவற்றைவிட நெடுநேரம் தாங்கின. பிசினிலுள்ள எப்பொருள் இதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்த்தபோது, ஃபுரானோயூடெஸ்மா-1,3-டையீன் என்ற பொருளும் கர்சரீன் என்ற பொருளும் வலியைத் தணிப்பதைக் கண்டனர்.

அவை எவ்வாறு செயல்படுகின்றன? நம் மூளையில் அபினும் மார்ஃபினும் வந்து பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவது போன்றது இது. இந்த ஏற்பிகள் இருப்பது 1973ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. அப்பூட்டுகளை அடைத்துவிடும் நலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்ததும் வெள்ளைப்போளத்தின் வலிதணிக்கும் ஆற்றல் மறைந்தது. எனவே பாலைவனத்துப் பிசினும் மார்ஃபின் திறக்கும் கதவையே தட்டுகிறது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். மனித உடலே வலிதணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்பதும் 1975ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. நம்மைப் படைத்தவர் வலியை மட்டும் வைத்துவிட்டு வாளாவிருக்கவில்லை. அதைத் தணிக்கும் வழியையும் நமக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

வலியைத் தவிர அழற்சியையும் இப்பிசின் குறைக்கிறது. காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிப்பதற்குக் காரணமான பொருள்களை நம் செல்களே வெளியிடுகின்றன. புராஸ்டகிளாண்டின்கள் அவற்றுள் முக்கியமானவை. வெள்ளைப்போளச் சாறு அவற்றின் உற்பத்தியைக் குறைப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. வாயிலும் தொண்டையிலும் ஏற்படும் இலேசான அழற்சிக்கு வெள்ளைப்போளச் சாராயக் கரைசலைத் தடவலாம் என்று ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு ஒப்புதல் அளித்தது.

இவற்றைப் படித்துவிட்டு யாரும் பிசினைக் கரைத்துக் குடிக்க முற்பட வேண்டாம். கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போருக்கும் இது ஊறு செய்யலாம். சுண்டெலியில் கண்டது அனைத்தும் மனிதரில் உறுதியாகிவிடவில்லை. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. மார்ஃபின் செய்யும் வேலையை இப்பிசின் செய்யாது. நமக்கு இங்கே முக்கியமானது வேறு. வலியைத் தணிக்க மனிதன் தேடிய தேடல் பழமையானது. இறைவன் படைத்த மண்ணிலேயே அதற்கு விடை இருந்தது. ஆண்டவர் நிலத்திலிருந்தே மருந்துகளைப் படைத்தார் என்றும், அறிவுள்ளோர் அவற்றை இகழார் என்றும் சீராக் ஞானி தமது நூலின் 38ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார்.

திருச்சபை சொன்ன வார்த்தை

மூன்றாம் காணிக்கையைத் திருச்சபைத் தந்தையர் ஆண்டவரின் மரணத்துக்கு அடையாளமாகக் கொண்டனர். பொன் அரசருக்கு, சாம்பிராணி இறைவனுக்கு, வெள்ளைப்போளம் நமக்காக இறந்து அடக்கம் செய்யப்படவிருந்தவருக்கு என்று புனித இரனேயு கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். அழகிய விளக்கம் அது. ஆயினும் அதை மட்டுமே கேட்டுப் பழகிய நாம், சாவின் அடையாளமாகிய அதே பொருள் நோயுற்றோரின் மருந்தாகவும் இருந்ததை மறந்துவிட்டோம்.

விசுவாச உணர்வோடு வலியைத் தாங்கவேண்டும் என்பதற்காக, வலிதணிக்கும் மருந்தை மறுக்கும் கடமை கிறிஸ்தவருக்கு உண்டா? இந்தக் கேள்வியை இத்தாலிய மயக்கவியல் மருத்துவர்கள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் நேரடியாகவே எழுப்பினர். 1957 பிப்ரவரி 24 அன்று அவர் அளித்த விடை தெளிவானது: அத்தகைய பொதுக் கடமை இல்லை. வேறு வழி இல்லாத நிலையில், மருந்தால் உணர்வு மங்கினாலும், ஆயுள் குறைய நேர்ந்தாலும்கூட, சாவை நாடாமல் வலியைத் தணிப்பதையே நோக்கமாகக் கொண்டு, நோயாளியின் மற்றக் கடமைகளுக்குத் தடையாகாதவாறு அதைக் கொடுக்கலாம் என்றும் அவர் கற்பித்தார்.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே 5 அன்று கருணைக்கொலை பற்றி வெளியிட்ட அறிக்கையில் நாம் பேசிவரும் அந்தக் கிண்ணமே இடம்பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்து 34ஆம் வசனத்தைச் சுட்டிக்காட்டி, சில கிறிஸ்தவர்கள் சிலுவையில் தொங்கும் ஆண்டவரோடு இணையும்பொருட்டு மருந்தைக் குறைத்துக்கொள்ள விரும்பினால் அதில் வியப்பில்லை என்கிறது அவ்வறிக்கை. ஆனால் அத்தகைய வீரச் செயலை எல்லார்க்கும் பொது விதியாகச் சுமத்துவது விவேகமன்று என்று உடனே சேர்த்துச் சொல்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி 2279ஆம் எண்ணில் வலிதணிப்பு மருத்துவத்தைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பான வடிவமாகப் போற்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலிலும் இதே போதனை உறுதிப்படுத்தப்பட்டது.

இவையெல்லாம் நான் மறையுரை மேடையில் ஏறுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தன. குருமடத்து நூலகத்திலும் இருந்தன. நான் கசப்பு இரசத்தைப் பற்றி மட்டும் பேசி, அதற்குத் திருச்சபை எழுதிய விளக்கத்தைப் படிக்காமல் விட்டேன்.

செயலிலும் திருச்சபை பின்தங்கவில்லை. இலண்டனின் ஹாக்னி பகுதியில், அயர்லாந்து நாட்டு அருட்சகோதரியர் 1905இல் தொடங்கிய புனித யோசேப்பு இல்லத்தில்தான், சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1958 முதல் ஏழாண்டுகள் பணியாற்றி, மார்ஃபினைக் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், வலி திரும்புமுன் கடிகாரம் பார்த்து மருந்து கொடுக்கும் முறை அது. 1967இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லத்திலிருந்து அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலோ, அபினை அரசு உரிமத்தோடு விளைவித்து ஏற்றுமதி செய்துவந்த போதிலும், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் போன்றவை விடாது முயன்றன. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் பல சிற்றூர்களில் அந்த மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை.

அந்த ஒரு வார்த்தை

அப்படியானால் ஆண்டவர் ஏன் மறுத்தார்? தந்தை கொடுத்த கிண்ணத்தை முழு உணர்வோடு பருக விரும்பினார் என்பது தொன்றுதொட்டு வரும் விளக்கம். இறையாட்சி வரும்வரை திராட்சைக் கனியின் இரசத்தைப் பருகுவதில்லை என்று இரா உணவில் தாம் சொன்ன சொல்லைக் காத்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அது மீட்பர் என்ற முறையில் அவர் ஏற்ற பணி. தமக்காக அவர் மறுத்ததைப் பிறருக்கு அவர் மறுக்கச் சொன்னாரா? நற்செய்தி நான்கையும் புரட்டிப் பாருங்கள். வலியோடு தம்மிடம் வந்த எவரையும், "பொறுத்துக்கொள்" என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பியதில்லை. தொட்டார், குணமாக்கினார், எழுப்பினார். நல்ல சமாரியரின் உவமையிலும் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்பட்டன.

அடக்கத்தின்போது நிக்கதேம் வெள்ளைப்போளக் கலவையில் ஏறத்தாழ நூறு இராத்தல் கொண்டுவந்தார் என்கிறார் யோவான்; இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கும் மேல். உயிரோடு துடித்தவருக்கு ஒரு கிண்ணம். உயிர் பிரிந்த உடலுக்கு நூறு இராத்தல். நிக்கதேமின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் நம் குடும்பங்களிலும் பல வேளைகளில் இப்படித்தான் நடக்கிறது. அடக்கத்துக்கு மலர்மாலைகளும் பேண்டு வாத்தியமும் குறைவின்றி வருகின்றன. படுக்கையில் கிடந்தபோது வலிக்கு ஒரு மாத்திரை வாங்கித் தர ஆள் இல்லை. வாங்கி வைத்ததைச் சாப்பிடச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்தத் தாயிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை பெரியதொன்றும் அல்ல. "அம்மா, அவர் மறுத்தது அவருக்காக. உங்களுக்கு இதைக் கொடுத்தனுப்பியவரும் அவர்தான். போட்டுக்கொள்ளுங்கள்." இவ்வளவுதான். கல்லறைத் திருநாளில் அவருக்காகச் செபிக்கும்போது இதை அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது, செபப் புத்தகத்தைத் திறக்குமுன் ஒன்று கேட்கிறேன்: "வலி இருக்கிறதா? மாத்திரை போட்டீர்களா?" இல்லை என்றால் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன். அவர்கள் விழுங்கி முடித்தபின்தான் சிலுவை அடையாளம் வரைகிறோம்.